திருமலையில் ஒரு மணவாட்டி

ஆரணிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது அரசு அலுவலகப் பலகைகள். மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர்கள், கையில் பத்திரக் கட்டோடு காத்திருக்கும் குடும்பங்கள், வெயிலில் வரிசையாக நிற்கும் இருசக்கர வாகனங்கள். இவற்றைக் கடந்து உள்ளே நடந்தால்தான் பழைய கோட்டையின் மிச்சங்கள் தென்படும். 1751இல் ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு ராபர்ட் கிளைவ் ராசா சாகிப்பின் படையைத் துரத்திவந்து முறியடித்தது இந்த ஆரணியில்தான். 1782 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் ஹைதர் அலியும் மோதிக்கொண்டதும் இங்கேதான். பள்ளிக்கூடத்தில் இந்த ஆண்டுகளை நாம் மனப்பாடம் செய்தோம். ஆண்டு நினைவிருக்கும், ஆள் நினைவிருக்கமாட்டார்.

கிளைவ் குடும்பத்தில் ஓர் ஆள் எனக்கு நினைவில் நிற்கிறார் என்றால் அது ராபர்ட் கிளைவின் மருமகள் ஹென்ரியட்டா. மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னையில் ஆளுநராக இருந்தார். திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, 1800 மார்ச்சில், கணவரைச் சென்னைக் கோட்டையில் விட்டுவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, யானைகளும் ஒட்டகங்களும் காவலர்களும் புடைசூழ ஹென்ரியட்டா தெற்கைச் சுற்றக் கிளம்பினார். வேலூர் வழியாக மைசூர்ச் சீமைக்கு ஏறி, பிறகு காவிரிக் கரைக்கு இறங்கி, அக்டோபரில்தான் சென்னை திரும்பினார். வழிநெடுகக் கணவருக்குக் கடிதம் எழுதினார். கண்ட பாறை, பொறுக்கிய கல், பிள்ளைகளின் உடல்நிலை, கூடாரத்தின் வெக்கை எல்லாம் அவற்றில் உண்டு. சென்னை மாகாணத்தையே ஆண்ட மனிதர் அந்தக் கடிதங்களைப் பிரிக்கும்போது, காய்ச்சலில் கிடக்கும் மகளை நினைத்துக் கலங்கும் ஒரு தகப்பனாக மாறிவிடுகிறார். ஆவணக்காப்பகத்தில் அவர் போட்ட உத்தரவுகள் எத்தனையோ இருக்கும். அவற்றில் இந்த மனிதர் அகப்படமாட்டார்.

கணவன் மனைவிக்கும் மனைவி கணவனுக்கும் எழுதிய கடிதங்களைத் தேடிப் படிப்பது எனக்குப் பல காலமாக உள்ள பழக்கம். அமெரிக்காவின் ஜான் ஆடம்ஸும் அபிகெயிலும் ஒருவருக்கொருவர் எழுதியவை மட்டும் ஆயிரத்து நூற்றுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. 1776 மார்ச்சில், ஜானும் அவர் தோழர்களும் புது நாட்டுக்குச் சட்டம் செய்யத் தயாராகிக்கொண்டிருந்தபோது, பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று அபிகெயில் கணவருக்கு எழுதினார். அதற்கு ஜான் சிரித்துக்கொண்டே எழுதிய பதிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் இருப்பதால்தான் அந்தப் பெரிய மனிதரின் குறையும் நமக்குத் தெரிகிறது. ஜார்ஜ் வாஷிங்டன் விஷயத்தில் இது நடக்கவில்லை. அவர் இறந்த பிறகு மார்த்தா தம் கடிதக் கட்டை எரித்துவிட்டார். மேசை இழுப்பறையில் சிக்கிக்கொண்டது போன்ற ஓரிரண்டு தப்பின. வாஷிங்டன் இன்றுவரை சிலையாகவே நிற்பதற்கு அந்த நெருப்பும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

நம் பக்கம் எப்படி? இந்தக் கேள்வியோடுதான் ஆரணிக்கு வந்திருந்தேன். மறுநாள் திருமலைக்குப் போவதாகத் திட்டம். போளூர் வட்டத்தில் இருக்கும் சமணர் மலை அது. சோழர் வீட்டுப் பெண் ஒருத்தியின் பெயரில் அங்கே ஒரு கோயில் உண்டு.

மாலையில் நெசவாளர் தெருவுக்குப் போனேன். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பட்டு. காஞ்சிபுரத்துச் சேலையைவிட இலேசானது என்பது இதற்கு உள்ள பெயர். திறந்திருந்த வாசல் ஒன்றில் எட்டிப் பார்த்ததும் உள்ளே வரச் சொன்னார்கள். குழித்தறியில் கணவர் உட்கார்ந்திருந்தார். ஜக்கார்டு அட்டைகள் தலைக்கு மேல் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. கையெட்டும் தூரத்தில் மனைவி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். ஊடை தீரப் போகிறது என்பது அவருக்கு நாடாவின் ஓசையிலேயே தெரிந்துவிடுகிறது. கணவர் கையை நீட்டுவதற்கு முன்பே தார் வந்துவிடுகிறது. நான் இருந்த நேரம் முழுக்க அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது ஏழெட்டு வார்த்தை இருக்கும். இப்படி ஒரே கூரையின் கீழ் ஒரே பாவில் வாழ்ந்த கோடிக்கணக்கான ஜோடிகள் ஒருவருக்கொருவர் கடிதமே எழுதியிருக்கமாட்டார்கள். பிரிவு இருந்தால்தான் கடிதம். நமக்குக் கிடைக்கும் காதல் எல்லாம் பிரிந்திருந்தவர்களின் காதல் என்பதை மறக்கக் கூடாது.

பிரிந்திருந்தவர்களின் கதையை அதே தெருத் திண்ணையில் ஒருவர் சொன்னார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சைக்கிளில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் கடிதம் கொண்டுபோனவர். இந்தப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறைய.

"புருசங்காரன் பார்டர்ல இருப்பான் சார். கல்யாணம் ஆகி மூணு மாசம்கூட ஆயிருக்காது. லெட்டரு யார் பேருக்கு வரும்னு நெனைக்கிறீங்க? அப்பா பேருக்குத்தான் வரும். கிழவருக்குப் படிக்கத் தெரியாது, நாந்தான் படிச்சிக் காட்டுவேன். மாட்டுக்கு இன்னா ஆச்சு, கெணத்துல தண்ணி இருக்குதா, தங்கச்சிக்கு வரன் பாத்தீங்களா, எல்லாம் கேட்டிருப்பான். பொண்டாட்டியப் பத்தி ஒரு வரி இருக்காது. கடைசியில, வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லவும்னு முடிச்சிருப்பான்."

"அந்தப் பெண்?"

"கதவுக்குப் பின்னாடி நின்னுக்கினு இருக்கும். அந்தக் கடைசி வரி தனக்குத்தான்னு அதுக்குத் தெரியும். நான் அந்த வரிய மட்டும் கொஞ்சம் சத்தமாப் படிப்பேன்."

இதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமை எதுவும் இல்லை. தன் வேலையில் அதுவும் ஒரு பகுதி என்பது போலச் சொன்னார். எனக்கோ அன்றைய பயணத்தில் கேட்டவற்றிலேயே பெரிய செய்தி இதுதான். தமிழ் வீட்டில் மனைவிக்கு எழுதும் கடிதம் நேராக மனைவியிடம் போனதில்லை. மாமனார், மாமியார், நாத்தனார், படித்துக் காட்டும் அயலார் என்று எத்தனையோ கைகளைக் கடந்தாக வேண்டும். கணவன் பெயரை வாயால் சொல்லவே கூடாது என்று வளர்க்கப்பட்டவள் அவனுக்கு என்ன எழுதுவாள்? வாத்தியாரிடமோ பக்கத்து வீட்டுப் பையனிடமோ சொல்லி எழுதச் சொல்லும்போது எதைத்தான் சொல்லுவாள்?

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் பாரதி காசியிலிருந்து செல்லம்மாளுக்கு எழுதிய கடிதத்தின் துணிச்சல் புரியும். 1897இல் கல்யாணம் நடந்தபோது பாரதிக்கு வயது பதினான்கு, செல்லம்மாளுக்கு ஏழு. பிறகு பாரதி காசிக்குப் போய் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். அங்கே ஏதோ அரசியல் விவகாரத்தில் சேர்ந்துவிட்டார் என்று சேதி காதில் விழ, பயந்துபோன செல்லம்மாள் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1901இல் எழுதியதாகச் சொல்லப்படும் பதிலில் பதினெட்டு வயதுப் பாரதி அவரைத் தன் காதலி என்றே அழைக்கிறார். நீ பயப்படும்படி எதுவும் இல்லை என்கிறார். கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்றாகப் படித்தால் தனக்கு மகிழ்ச்சி என்று முடிக்கிறார்.

பாரதியின் தலைப்பாகையும் முறுக்கு மீசையும் சுவரெல்லாம் வரைந்தாகிவிட்டது. அந்தப் படங்களைவிட இந்தச் சின்னக் கடிதம் எனக்கு அவரை நெருக்கமாகக் காட்டுகிறது. ஆறுதல் சொல்ல வந்தவர் இடையில் உபதேசியாகிவிடுகிறார். பயந்துபோன சிறுமிக்கு வேண்டியது புத்தகமா என்று அவர் யோசிக்கவில்லை. பெண் விடுதலையைப் பின்னாளில் அவ்வளவு உரக்கப் பாடியவர் அந்த வயதில் இப்படித்தான் இருந்தார்: அன்பு நிறைய, அவசரம் அதைவிட நிறைய. ஆனால் செல்லம்மாள் எழுதிய கடிதம் எங்கே? பதினொரு வயதுப் பெண், கடையத்தில் உட்கார்ந்து, பயத்தை எழுத்தாக்கிக் காசிக்கு அனுப்பினாளே, அதில் என்ன இருந்தது என்பதைப் பாரதியின் பதிலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. வந்த கடிதத்தைச் செல்லம்மாள் காத்தார். அவர் எழுதியது நம் கைக்கு வரவில்லை. பின்னாளில் கணவரின் சரித்திரத்தை அவரே சொல்லி நூலாக்கியது நமக்குக் கிடைத்த பேறு.

இதைவிடத் துயரமானது கணித மேதை இராமானுஜத்தின் வீட்டுக் கதை. 1909இல் மணந்த ஜானகியை ஊரில் விட்டுவிட்டு 1914இல் அவர் கேம்பிரிட்ஜ் போனார். அவர் மனைவிக்கு எழுதியவற்றையும் ஜானகி அவருக்கு எழுதியவற்றையும் தாயார் கோமளத்தம்மாள் மறித்துக்கொண்டார் என்பதை வாழ்க்கை வரலாற்றாசிரியர் ராபர்ட் கனிகெல் விரிவாக எழுதியிருக்கிறார். இங்கிலாந்துக்குப் போகும் பொட்டலம் ஒன்றில் ஜானகி ரகசியமாக ஒரு கடிதத்தைச் செருகி வைத்தபோது அதையும் மாமியார் எடுத்துவிட்டாராம். ஒரு பக்கம் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தால் உலகப் புகழ் பெற்ற மனிதர். மறுபக்கம் மனைவியிடமிருந்து ஏன் பதிலே இல்லை என்று தெரியாமல் குளிரில் வாடிய கணவர். 1919இல் பம்பாயில் வந்து இறங்கியதும் தாயிடம் அவர் கேட்டது ஜானகி எங்கே என்றுதான். நீ என்னோடு வந்திருந்தால் எனக்கு உடம்புக்கு இப்படி வந்திருக்காது என்று சொல்லுவார் எனப் பின்னாளில் ஜானகி நினைவுகூர்ந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26இல் இராமானுஜம் இறந்தார். ஜானகி தையல் வேலை செய்து தம் காலில் நின்று, திருவல்லிக்கேணியில் 1994 வரை வாழ்ந்தார். இராமானுஜத்தின் நோட்டுப் புத்தகங்களை அச்சடித்துப் பாதுகாத்துவிட்டோம். அந்த இருவருக்கும் இடையே ஓட வேண்டியிருந்த தாள்களை மீட்க இனி வழியில்லை. கோமளத்தம்மாளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. மகனும் மருமகளும் தனியே பேசிக்கொள்வது வீட்டுக்கு ஆகாது என்று நம்பிய காலத்தின் பெண் அவர்.

காலையில் போளூர்ப் பேருந்து. ஆரணியை விட்டதும் வயலும் அரிசி ஆலையும் மாறிமாறி வரும். களம்பூரில் நெல் காயும் களங்கள் சாலை வரை நீண்டிருந்தன. என் பையில் 'கண்மணி கமலாவுக்கு' இருந்தது. புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களை இளையபாரதி தொகுத்த நூல். முன்பே படித்ததுதான். பேருந்தில் படிக்க ஏற்ற புத்தகம் அது. பாதிப் பக்கத்தில் ஒரு கடிதம் முடிந்துவிடும், தலையை நிமிர்த்தி வெளியே பார்த்துக்கொள்ளலாம். பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் அடுத்த கடிதத்துக்கு உடனே போக முடியாது.

புதுமைப்பித்தன் எழுத்தில் சுடாத வரி கிடையாது. கடவுளையே சென்னைக்கு இறக்கி, கந்தசாமிப் பிள்ளையோடு காபிக் கடைக்கு அனுப்பியவர். அதே பேனா கமலாவுக்கு எழுதும்போது குழைகிறது. வேறெங்கும் அவர் பயன்படுத்தாத செல்லப் பெயர்கள் வந்து விழுகின்றன. அவர் சென்னையில், கமலா திருவனந்தபுரத்தில். பணம் அனுப்புவதாகச் சொன்னது, அனுப்ப முடியாமல் போனது, அடுத்த வாரம் நிச்சயம் என்று தேற்றியது, வீடு பார்த்து அழைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தது, இப்படியே பக்கங்கள் நகர்கின்றன. குழந்தை இறந்த துக்கத்தில் அவர் எழுதிய கடிதத்தில், தேற்ற வேண்டியவரே இடிந்துபோய் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. 'செல்லம்மாள்' கதையில், நோயில் கிடக்கும் மனைவிக்கு ராத்திரி முழுக்கப் பணிவிடை செய்யும் பிரமநாயகம் பிள்ளையைப் படைத்த கை எங்கிருந்து வந்தது என்று இந்தக் கடிதங்களைப் படித்தவருக்குக் கேள்வி எழாது.

அவர் வாழ்வின் கடைசிப் பகுதி புனேயில் கழிந்தது. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் போனவர் காசநோய் முற்றித் திரும்பினார். 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது நாற்பத்திரண்டு. மகள் தினகரிக்கு இரண்டு வயதுதான் இருக்கும்.

இதையெல்லாம் நாம் படிக்கலாமா என்ற உறுத்தல் எனக்கு உண்டு. கமலா ஒருத்தியின் கண்ணுக்காக எழுதியது இது. வடமாதிமங்கலம் நெருங்கும்போது அடுத்த இருக்கைக்காரர் என் தோள் வழியே எட்டிப் படித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? யோசித்துப் பார்த்து நான் வந்து சேர்ந்த இடம் இது: காத்து வைத்தவருக்கு அந்த உரிமை உண்டு. மார்த்தா எரித்தார், அது அவர் உரிமை. கமலா அரை நூற்றாண்டு காத்தார், அதுவும் அவர் முடிவு. தன் கணவர் வெறும் மேதையாக மட்டும் நினைக்கப்படுவதை அவர் விரும்பவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். கமலாவும் எழுத்தாளர்தான், அவருடைய கதைகள் 'காசுமாலை' என்று 1971இல் நூலாக வந்தன. ஆனால் கடிதத் தொகுப்பில் இருப்பது கணவரின் குரல் மட்டும். பணம் வராத வாரங்களில் கமலா என்ன எழுதினார் என்பது அதில் இல்லை. ஒரு மனிதரை முழு மனிதராகப் பார்க்க அவர் எழுதியது மட்டும் போதாது. அவருக்கு வந்த பதிலும் வேண்டும்.

காந்தியின் 1908 நவம்பர் 9ஆம் தேதிக் கடிதம் இதற்கு இன்னொரு சாட்சி. தென்னாப்பிரிக்காவில் ஃபோக்ஸ்ரஸ்ட் சிறையில் இருந்தார். கஸ்தூர்பா சாகும் நிலையில் இருப்பதாகத் தகவல் வந்தது. அபராதம் கட்டினால் வெளியே வந்து பார்க்கலாம். கட்டமாட்டேன் என்று மனைவிக்கே எழுதினார். நீ இறந்தாலும் எனக்கு நீ உயிரோடுதான் இருப்பாய், மறுமணம் செய்யமாட்டேன் என்ற பொருளில் அந்தக் கடிதம் போகிறது. இதைப் பெரிய தியாகம் என்பவர்களும் உண்டு, கல்நெஞ்சு என்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே தாளில் இருப்பதுதான் என்னைக் கலக்குகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்பட்ட கஸ்தூர்பா நோய்ப்படுக்கையில் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பார்?

திருமலை சிறிய ஊர். ஒற்றைக் கருங்குன்று, அடியில் கோயில்கள், சுற்றி வயல். சமணப் பள்ளி மாணவர்களின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. 1998இல் தொடங்கப்பட்ட அரகந்தகிரி மடம் இங்கேதான் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் போளூர், ஆரணி, வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் நயினார் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணர்கள் இன்றும் உழுது பயிர் செய்து வாழ்கிறார்கள். வாசலில் கைகூப்பிய பெரியவரிடம் "ஜெய ஜினேந்திரா" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கூடவே வந்து காட்டுவதாகச் சொன்னார்.

அடிவாரத்தில் கோபுரம், அதை ஒட்டிக் குந்தவை ஜினாலயம். குகைகளுக்குள் கூரையிலும் சுவரிலும் பழைய ஓவியங்கள் காரையோடு உதிர்ந்ததுபோக மீதம் இருக்கின்றன. அங்கிருந்து படியேறினால் பாறையிலேயே செதுக்கிய உயரமான நேமிநாதர். ஊரார் சிகாமணிநாதர் என்கிறார்கள். தமிழ்நாட்டுச் சமணத் திருவுருவங்களில் இதுவே உயரமானது. கீழே நின்று அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். துறந்தவரின் உருவம் அது. நேமிநாதர் தம் திருமண நாளன்றே, விருந்துக்காகக் கட்டிவைத்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டு மணக்கோலத்தைக் கலைத்துவிட்டுப் போனவர் என்று சமணர் கதை சொல்லும். மணப்பெண் இராசமதி அவர் போன வழியிலேயே துறவு பூண்டாள். கணவன் மனைவியாகாமலே போனவர்களின் கதை குடியிருக்கும் மலையில் நான் தம்பதியர் கடிதங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் தேடி வந்தது மலைமேல் உள்ள பாறைக் கல்வெட்டு. கல்வெட்டு அறிஞர் ஹூல்ஷ் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே இது இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1024 வாக்கில் வெட்டியது. தொடக்கம் முழுக்க அவன் வென்ற நாடுகளின் பட்டியல். வனவாசி, கொள்ளிப்பாக்கை, ஈழம், சக்கரக்கோட்டம், ஒட்ட நாடு, கோசலை, வங்கம், கடைசியில் கங்கை. வங்கத்து மகிபாலனைப் போர்க்களத்தில் ஓடவிட்டுச் சோழப் படை கொண்டுவந்தவற்றைச் சொல்லும் இடத்தில் யானை வருகிறது, கருவூலம் வருகிறது, இரண்டுக்கும் நடுவே பெண்களும் வருகிறார்கள். பிடித்துவந்த பொருள்களில் ஒன்றாக, பெயரில்லாமல்.

அந்தப் பெருமிதம் எல்லாம் ஓய்ந்த பிறகுதான் கல்வெட்டு தன் காரியத்துக்கு வருகிறது. பெரும்பாணப்பாடியில் கரைவழி மல்லியூரில் இருக்கும் நன்னப்பயன் என்ற வியாபாரியின் மணவாட்டி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துத் தேவருக்கு நந்தா விளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் வைத்தாள். விஷயம் இவ்வளவுதான். கங்கை வரை போன பேரரசனின் மெய்க்கீர்த்தி முழுவதும் அன்று இந்த மலையில் வெட்டப்பட்டதற்குக் காரணம் அவள் கொடுத்த முப்பது காசு. இதே மலையில் இன்னொரு கல்வெட்டில் பல்லவ அரசரின் தேவி சிண்ணவையார் வைத்த விளக்கும் சொல்லப்படுகிறது.

கோயிலுக்குப் பெயர் தந்த குந்தவையின் நிலையும் இப்படித்தான். தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் ஜினருக்கும் கோயில் எடுத்தவர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவர் கொடுத்த பொன்னும் திருமேனிகளும் கல்லில் நிறை பார்த்து எழுதப்பட்டுள்ளன. அங்கே அவர் இராசராசரின் திருத்தமக்கையார் என்றும் வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்றும் குறிப்பிடப்படுகிறார். அவருடைய மண வாழ்க்கையைப் பற்றிக் கல் நமக்குத் தரும் செய்தி அந்த ஒரு தொடர். கல்கி அதை எடுத்துக்கொண்டு தொடர்கதையாக எழுதி, 1950 முதல் 1954 வரை தமிழ்நாட்டையே காத்திருக்க வைத்தார். கதையைத் தொடங்க அவருக்குத் தேவைப்பட்டது என்ன? வந்தியத்தேவன் இடுப்பில் இரண்டு ஓலைகள். சரித்திரம் தராத கடிதத்தை நாவலாசிரியர் எழுதிக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக வாசகர்கள் குந்தவையை ஒரு பெண்ணாக நேசிப்பது அதனால்தான். அவர்கள் உண்மையில் ஒருவருக்கொருவர் ஓலை அனுப்பியிருந்தால் அதைக் கரையானும் ஈரமும் தின்று நூற்றாண்டுகள் ஆகியிருக்கும்.

பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் வேறொரு ஓலையை நினைவுபடுத்தினார். "எங்க இளங்கோவடிகள் எழுதலையா? மாதவி ஓலை?" சமணர்கள் சிலப்பதிகாரத்தைத் தங்கள் வீட்டுப் புத்தகமாகப் பேசுவதைக் கேட்பது தனிச் சுகம். மாதவி முதலில் அனுப்பிய ஓலையைக் கோவலன் வாங்காமலே திருப்பிவிடுகிறான். இரண்டாவது ஓலை, கோசிகன் கையில், மதுரைக்குப் போகும் வழியில் அவனை வந்தடைகிறது. முத்திரையில் அவள் கூந்தல் எண்ணெயின் வாசம் இருக்கிறது. படித்ததும் அவளிடம் குற்றமில்லை என்று தெளிகிறான். பிறகு அந்த ஓலை தன் பெற்றோருக்கும் பொருந்தும் என்று சொல்லி அதையே அவர்களுக்குக் கொடுத்தனுப்புகிறான். "அதுதான் எனக்குத் தாங்காது" என்றார் பெரியவர். "ஒருத்தி உசிரக் கொட்டி எழுதினத இவன் தன் அம்மா அப்பாவுக்கு அனுப்பிச்சிட்டான் பாருங்க. தான் வச்சுக்கணும்னு தோணல." நான் பலமுறை படித்த காட்சி. ஒரு முறையும் இது எனக்கு உறைத்ததில்லை. மாதவியின் கடிதத்தைக்கூடக் கடைசியில் மாமனார் மாமியார்தான் படிக்கிறார்கள்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் நியமம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். திண்ணை வைத்த பழைய வீடு. வீட்டம்மா பரிமாறினார்: சாம்பார், அவரைப் பொரியல், மோர். பெரியவர் ஆசிரியராக இருந்தவர். வேலை கிடைத்த புதிதில் தர்மபுரிப் பக்கம் மலைக் கிராமத்துப் பள்ளியில் சில ஆண்டுகள் தனியாக இருக்க நேர்ந்ததாம். நான் ஏன் வந்தேன் என்று அம்மாவிடம் அவரே விளக்கினார்.

"கடுதாசியா?" என்று அம்மா சிரித்தார். "இவரு எழுதுனது ஒரு டிரங்குப் பெட்டி நெறைய இருக்குது. பொண்ணு வந்தா திட்டுவா, எடத்த அடைச்சிக்கினு இதெல்லாம் எதுக்கு, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடுன்னு."

"போட்டுடாதீங்கம்மா."

"யாரு படிக்கப் போறாங்க?"

"பேத்தி படிப்பா. தாத்தா எப்படி இருந்தாருன்னு அவளுக்குத் தெரியணும் இல்ல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அவ படிச்சா இவரு எழுதுனது மட்டுந்தான் தெரியும். நான் எவ்ளோ சண்டை போட்டு எழுதியிருப்பேன், அது எங்க தெரியப் போவுது" என்றவர், கூடத்தின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "என்னாங்க, நான் உங்களுக்கு எழுதுனதெல்லாம் அங்கியே தூக்கிப் போட்டுட்டுத்தான வந்தீங்க?"

பெரியவர் கை கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

"எதுக்குப் போடணும்? பீரோ மேல்தட்டுல இருக்குது. மஞ்சப் பையில."